உயிர் எப்படி வந்துச்சு? வாசகர்கள் கேட்டதும் டீச்சர் சொன்னதும்

போன இதழ்ல ஒரு மாணவிக்கு பதில் எழுதும்போது, உயிர் எப்படி உருவாச்சுன்னு சயின்ஸ் இன்னும் முழுசா கண்டுபிடிக்கல, ஆனா அது வேதியியல் வழியா நடந்ததுங்கறதுக்கு ஆதாரம் கூடிக்கிட்டே வருதுன்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல்னு சுத்துப்பட்டு பூரா இருந்து கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து குவிஞ்சிருச்சு, பாதிப்பேர் கோவமா, பாதிப்பேர் ஆசையா. அதனால இந்த தடவை வேற கேள்வி எதையும் எடுக்கல.

கேள்வி: டீச்சர், என் மகன் பதினொண்ணாவது படிக்கிறான், பயாலஜி குரூப். எங்க நகரத்தார் பிள்ளையார் நோன்பு அன்னைக்கு வளவுல எல்லாரும் இழை எடுக்க உக்காந்திருக்கோம், இவன் மட்டும் எந்திரிச்சு "உயிரெல்லாம் கெமிக்கல்ல இருந்து வந்தது, சாமி படைக்கல, எனக்கு இழை வேண்டாம்"னு சொல்லிட்டான். அவன் அப்பத்தா அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. நான் யார் பக்கம் பேசறது?
ஒரு தாய், தேவகோட்டை

பதில்: ஆச்சி, ரெண்டு பேர் பக்கமும் பேசலாம், ஏன்னா அவங்க ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பத்தி பேசல. கோடி வேட்டியில இருந்து 21 நூல் எடுத்து திரிச்சு, இழை மாவுல வச்சு ஏத்தி, வீட்டுல மூத்தவங்க கையால வாங்கி அந்த சுடரோடயே வாயில போட்டுக்கறோமே, அதுல எந்த இடத்துலயாவது முதல் உயிர் இப்படித்தான் வந்ததுன்னு ஒரு வார்த்தை இருக்கா? கிடையாது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனவங்க கடல்ல மாட்டிக்கிட்டு பிழைச்சு வந்த கதைதான் பெரியவங்க சொல்லுவாங்க, பங்காளி தாயாதி எல்லாரும் வருஷத்துக்கு ஒருநாள் ஒரு இடத்துல உக்காரணும்ங்கறதுதான் அதோட உசுரு. அது உங்க மகன் படிக்கிற பாடத்தோட மோதவே இல்ல, அதனால அவன் இழையை மறுக்க அவனோட பயாலஜி காரணமாகாது, வேண்டாம்னு தோணுச்சுன்னா அது அவன் சொந்த முடிவு, அதை சயின்ஸ் தலையில கட்ட வேண்டாம்னு சொல்லுங்க.

அப்பத்தாகிட்டயும் ஒண்ணு சொல்லணும். "நான் படிச்சது பொய், சாமிதான் மண்ணைப் பிசைஞ்சு செஞ்சார்"னு பையனை சொல்ல வச்சாத்தான் இழை குடுப்பேன்னு நிக்கக்கூடாது. இழை எடுக்கறதுக்கு அப்படி ஒரு நிபந்தனை எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. நான் வருஷா வருஷம் இழை எடுக்கறவ, வகுப்புல வேதியியல் சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆனவ, அதனால இதை மனசார சொல்றேன்.

பையன் சொன்னதுல பாதி சரி. வேதியியல் வழியாத்தான் உயிர் வந்ததுங்கறதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. "சாமி படைக்கல"ங்கறது எந்த சோதனைச்சாலையிலயும் சோதிச்சுப் பாத்த முடிவு இல்ல, அது அவனா சேத்துக்கிட்டது. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பேசப் பழகிட்டான்னா அடுத்த நோன்புக்கு வீட்டுல யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க.

கேள்வி: உயிர் உயிர்ல இருந்துதான் வரும்னு லூயி பாஸ்டர் நிரூபிச்சுட்டாரே, நாங்க பள்ளிக்கூடத்துல படிச்சதுதானே. அப்புறம் உயிரில்லாததுல இருந்து உயிர் வந்துச்சுன்னு நீங்களே எழுதறீங்க. எது உண்மை?
அரிசி ஆலை வச்சிருக்கறவர், புதுவயல்

பதில்: அண்ணே, இந்தக் கேள்வி உங்க ஆலையில இருந்தே ஆரம்பிக்கலாம். மூட்டையைக் கட்டி வச்சா கொஞ்ச நாள்ல அரிசியில வண்டு "தானா" வந்துருதுன்னு சொல்றோம்ல. தானா வரல. பெண் வண்டு மூக்கால அரிசி மணியில ஒரு சின்ன ஓட்டை போட்டு, உள்ள ஒரு முட்டையை வச்சு, பசை மாதிரி ஒண்ணை சுரந்து அந்த ஓட்டையை மூடிட்டுப் போயிரும். புழு உள்ளயே தின்னு வளந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாத்தான் வெளிய வரும். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு அரிசியே வண்டா மாறின மாதிரி தெரியும். 1668ல இத்தாலியில பிரான்செஸ்கோ ரெடி இறைச்சியை வலைத்துணி போட்டு மூடி வச்சு, ஈ உக்காரலைன்னா புழு வராதுன்னு காட்டினார். அதுக்கப்புறம் கிருமிகளாவது தானா வருமோன்னு சந்தேகம் பாக்கி இருந்துச்சு, அதைத்தான் 1860 வாக்குல பாஸ்டர் அன்னக் கழுத்து மாதிரி வளைஞ்ச குடுவை வச்சு முடிச்சார், கொதிக்க வச்ச சாறு தெளிவாவே நின்னுச்சு, கழுத்தை உடைச்சு தூசி உள்ள போனதும் கலங்கிருச்சு.

அவர் காட்டினது என்னன்னா, இன்னைக்கு இருக்கற பூமியில, ஒரு குடுவைக்குள்ள, கொஞ்ச காலத்துல, முழு வளர்ச்சி அடைஞ்ச பாக்டீரியா தானா முளைக்காது. அது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா 400 கோடி வருஷத்துக்கு முந்தி ஆக்சிஜனே இல்லாத காத்துல, எரிமலை, வெந்நீர், மின்னல், எந்தப் பாதுகாப்பும் இல்லாம விழுந்த புற ஊதா வெயிலோட, கோடிக்கணக்கான வருஷ அவகாசத்துல, பாக்டீரியாவை விட ரொம்ப ரொம்ப எளிமையான ஏதோ ஒண்ணு உருவாக முடியுமாங்கறது வேற கேள்வி, அதை பாஸ்டர் சோதிக்கவே இல்ல. சரி இப்ப ஏன் புதுசா வர்றதில்லன்னு கேப்பீங்க, அதுக்கு டார்வினே 1871ல நண்பருக்கு எழுதின கடிதத்துல பதில் சொல்லிட்டார், இன்னைக்கு அப்படி ஒரு பொருள் ஒரு வெதுவெதுப்பான குட்டையில உருவானாலும் ஏற்கனவே இருக்கற உயிரினங்க உடனே தின்னு தீத்துரும்னு. காத்துல இருக்கற ஆக்சிஜனும் அதை விட்டுவைக்காது.

கேள்வி: மில்லர் சோதனை தோல்வி, அதை மறைச்சு பாடப்புத்தகத்துல போடறாங்கன்னு ஒரு வீடியோ பாத்தேன். உண்மையா டீச்சர்?
கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: தம்பி, இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இது, நம்ம ஊர்ல சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், திறந்த அதே 1953ல வெளிவந்தது. ஸ்டான்லி மில்லருக்கு அப்ப 23 வயசு, சிகாகோவுல ஹரால்ட் யூரிகிட்ட ஆராய்ச்சி மாணவர். ஒரு கண்ணாடிக் குடுவையில தண்ணி கொதிக்குது, அந்த ஆவி மேல இருக்கற பெரிய குடுவைக்குப் போகுது, அங்க ஆதி பூமியோட காத்துன்னு அப்ப நினைச்ச மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் வாயு இருக்கு, மின்னலுக்குப் பதிலா ரெண்டு மின்முனைக்கு நடுவுல விடாம தீப்பொறி, அப்புறம் குளிர வச்சு திரும்ப கீழ தண்ணிக்கே வந்துரும், இப்படி சுத்திக்கிட்டே இருக்கும். முதல் நாள் முடியறப்பவே தண்ணி இளஞ்சிவப்பாயிருச்சு, ஒரு வாரத்துல நல்ல அடர் சிவப்பாகி கலங்கிப் போச்சு. அந்தத் தண்ணியை எடுத்து வடிதாள்ல ஒரு சொட்டு வச்சு, கலந்திருக்கறதைத் தனித்தனியா பிரிக்கற குரோமட்டோகிராபி பண்ணி, அமினோ அமிலம் இருந்தா நிறம் காட்டற நின்ஹைட்ரின் தெளிச்சா ஊதாப் புள்ளியா எழும்பி வருது, கிளைசின், அலனின். நம்ம உடம்புல புரதம் கட்டற அமினோ அமிலங்க. உயிரோட சம்பந்தமே இல்லாத வாயுல இருந்து. நீ உங்க லேப்ல நின்ஹைட்ரின் சோதனை செஞ்சிருப்ப, அந்த ஊதா நிறம் வர்ற நேரத்துல இதை நினைச்சுப் பாரு.

இதுல எது தோல்வி? அந்த வீடியோக்காரர் சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, அதை மறைக்கக்கூடாது. ஆதி பூமியில காத்து மீத்தேனும் அம்மோனியாவுமா இருந்திருக்காது, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமா இருந்திருக்கும்னுதான் இப்ப பெரும்பாலான புவியியல்காரங்க சொல்றாங்க, அந்தக் கலவையில அமினோ அமிலம் ரொம்பக் குறைவாத்தான் கிடைக்குது. ஆனா கதை அதோட முடியல. மில்லர் 2007ல இறந்தப்புறம், அவர் 1950கள்ல எடுத்து மூடி வச்சிருந்த பழைய சீசாக்களை அவரோட மாணவர்கள் கண்டெடுத்து, எரிமலை ஆவி மாதிரி அமைச்ச ஒரு சோதனையோட மிச்சத்தை இன்னைக்கு இருக்கற கருவியில ஓட்டிப் பாத்தாங்க, 2008ல அறிக்கை வந்துச்சு, 22 அமினோ அமிலம் அதுல இருந்துச்சு, மில்லர் காலத்துக் கருவிக்கு அதுல பல கண்ணுலயே படல.

அதை விட பெரிய ஆதாரம் வானத்துல இருந்து விழுந்துச்சு. 1969 செப்டம்பர்ல ஆஸ்திரேலியாவுல மர்ச்சிசன்ங்கற ஊர்ல ஒரு விண்கல் விழுந்துச்சு, அதுக்குள்ள அமினோ அமிலம் இருக்குன்னு காட்டின குழுவுக்குத் தலைமை தாங்கினவர் சிரில் பொன்னம்பெரும, இலங்கையில காலியில பிறந்து, மெட்ராஸ் யுனிவர்சிட்டியில தத்துவம் படிச்சுட்டு அப்புறம் வேதியியலுக்கு மாறி நாசாவுக்குப் போனவர். 2023ல நாசா பென்னுங்கற சிறுகோள்ல இருந்து மண் அள்ளிட்டு வந்துச்சு, அதுல நம்ம உடம்பு பயன்படுத்தற 20 அமினோ அமிலத்துல 14ம், மரபுச் செய்தியைச் சுமக்கற டிஎன்ஏ, ஆர்என்ஏவோட எழுத்துங்க அஞ்சும் இருக்குன்னு 2025 ஜனவரியில சொன்னாங்க. பூமியில யாரும் தொடாத மண்ணு அது. அப்ப உயிருக்கு வேண்டிய செங்கல் பிரபஞ்சத்துல அங்கங்க தானா உருவாகுதுங்கறதுல இனி சந்தேகம் வேண்டாம்.

செங்கல்ல இருந்து வீடு எப்படி எந்திரிச்சுதுங்கறதுதான் பாக்கி. அமினோ அமிலம் உயிர் இல்ல. அது நீளமா கோக்கணும், ஒரு சவ்வுக்குள்ள அடங்கணும், முக்கியமா தன்னைத் தானே நகல் எடுக்கணும். புரதம் இல்லாம டிஎன்ஏ நகல் ஆகாது, டிஎன்ஏ இல்லாம புரதம் உருவாகாது, அப்ப எது முதல்ல? ரொம்ப நாள் இந்த முடிச்சு அவிழவே இல்ல. ஆர்என்ஏ செய்தியையும் சுமக்கும், வேதிவினையை வேகமாக்கற என்சைம் வேலையும் பாக்கும்னு தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ரெண்டு பேரும் காட்டினாங்க, 1989 நோபல். அப்புறம் நம்ம சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009ல நோபல் வாங்கினாரே, எதுக்குன்னு கேட்டா நிறைய பேருக்கு சொல்லத் தெரியாது, செல்லுக்குள்ள புரதத்தைக் கோக்கற எந்திரமான ரைபோசோமோட அமைப்பை அணு அணுவா காட்டினதுக்கு. அவரோட பரிசைப் பகிர்ந்துக்கிட்ட தாமஸ் ஸ்டைட்ஸோட படம் இன்னொண்ணைக் காட்டுச்சு. நம்ம உடம்புல ஒவ்வொரு புரதமும் கோக்கப்படற அந்த மைய இடத்துல புரதமே கிடையாது, ஆர்என்ஏதான் வேலையைச் செய்யுது. ஒரு காலத்துல ஆர்என்ஏ மட்டுமே வச்சு ஓடின உலகம் ஒண்ணு இருந்திருக்கலாம், அதோட மிச்சம் இன்னும் உன் ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஓடிக்கிட்டிருக்குங்கறதுக்கு இதை விட நல்ல சாட்சி வேணுமா?

அந்த ஆர்என்ஏ முதல்ல எப்படிக் கூடுச்சு, கடலுக்கு அடியில இருக்கற வெந்நீர் ஊத்துலயா, கரையில காஞ்சு நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு கிடந்த குட்டையிலயாங்கறதுல இன்னைக்கும் பெரிய சண்டை. முழு பதில் யார்கிட்டயும் இல்ல. இருக்குன்னு சொல்றவரையும் நம்பாத, ஒண்ணுமே தெரியலைன்னு சொல்றவரையும் நம்பாத.

கேள்வி: ஒரு சின்னப் புரதம் தற்செயலா உருவாக வாய்ப்பே இல்ல, காயலான் கடையில புயல் அடிச்சு போயிங் விமானம் உருவாகற மாதிரின்னு ஒரு விஞ்ஞானியே சொல்லியிருக்கார். இதுக்கு என்ன சொல்றீங்க?
பொறியாளர், பள்ளத்தூர்

பதில்: சொன்னவர் ஃபிரெட் ஹாய்ல், நட்சத்திரத்துக்குள்ள தனிமங்க எப்படி சமையுதுன்னு சொன்ன மகா பெரிய ஆள், அதனால அவர் பேச்சை லேசா தள்ளக்கூடாது, ஆனா இந்தக் கணக்கு தப்பு. பத்து தாயக்கட்டையை, ஆறு முகம் உள்ளது, ஒரே வீச்சுல போட்டு பத்தும் ஆறா விழணும்னா 6 கோடியே சொச்சம் தடவையில ஒரு தடவைதான் விழும். ஆனா ஒவ்வொரு வீச்சுலயும் ஆறு விழுந்ததை அப்படியே வச்சுக்கிட்டு மத்ததை மட்டும் திரும்பப் போட்டா சராசரியா 17 வீச்சுக்குள்ள முடிஞ்சிரும். ஹாய்ல் போட்டது முதல் கணக்கு, இயற்கை செய்யறது ரெண்டாவது. நகல் எடுக்கற மூலக்கூறு ஒண்ணு வந்துட்டா நல்லா நகல் எடுக்கறது பெருகும், மத்தது தேயும், நல்லது தங்கிரும். அந்த முதல் நகல் வர்றதுக்கு முன்னாடி இந்த விதி அவ்வளவு சுத்தமா வேலை செய்யாதுங்கறது நிஜம், அங்கதான் இன்னும் ஆராய்ச்சி நடக்குது, ஆனா அங்கயும் எல்லா அணுவும் எல்லாத்தோடயும் சம வாய்ப்புல சேரும்னு எந்த வேதியியலும் சொல்லல.

கேள்வி: குரங்குல இருந்து மனுசன் வந்தான்னா இன்னும் குரங்கு ஏன் இருக்கு?
மாணவி, கல்லல்

பதில்: இன்னைக்கு இருக்கற குரங்குல இருந்து யாரும் வரலம்மா. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான ஒரு மூதாதை சுமார் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முந்தி இருந்துச்சு, அதுல இருந்து ரெண்டு கிளை பிரிஞ்சுச்சு, அவ்வளவுதான்.

கேள்வி: பிரம்மாவோட ஒரு பகல் 432 கோடி வருஷம்னு நம்ம முன்னோர் சொல்லியிருக்காங்க. சயின்ஸ் இப்பத்தான் பூமிக்கு 454 கோடின்னு வந்து சேந்திருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?
பணி ஓய்வு பெற்றவர், கண்டனூர்

பதில்: ஐயா, உங்க மேல மரியாதை வச்சே மறுக்கறேன். உங்க வீட்டு சாந்தியிலயோ வேற விசேஷத்துலயோ ஐயர் சங்கல்பம் சொல்றதைக் காது குடுத்துக் கேட்டிருப்பீங்க, சுவேத வராக கல்பே, வைவஸ்வத மன்வந்தரே, அஷ்டாவிம்சதி தமே கலியுகேன்னு. கல்பம்னா பிரம்மாவோட ஒரு பகல், மன்வந்தரமும் சதுர்யுகமும் அதோட உட்பிரிவு. அதாவது இந்தக் கல்பத்துல நாம ஏழாவது மன்வந்தரத்துல 28வது சதுர்யுகத்துல இருக்கோம். அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தா இந்தக் கல்பம் தொடங்கி சுமார் 197 கோடி வருஷம்தான் ஆகுது, 432 கோடிங்கறது பகல் முழுசும் முடிஞ்சா வர்ற எண். அப்ப பூமியோட வயசோட ஒப்பிட வேண்டிய எண் 197, அது 454க்குப் பக்கத்துலயே இல்ல. பொருந்தற எண்ணை எடுத்துக்கிட்டு பொருந்தாததை விட்டுட்டா எந்த நூல்ல இருந்தும் எதை வேணாலும் நிரூபிச்சிரலாம்.

பூமிக்கு 454 கோடின்னு யாரும் தியானத்துல சொல்லல. 1956ல கிளேர் பாட்டர்சன் விண்கல்லுல ஈயத்தோட வகைங்களை அளந்து கண்டுபிடிச்சார், அதுக்காக தூசியில இருக்கற ஈயம் கலந்துறக்கூடாதுன்னு லேபையே துடைச்சுத் துடைச்சு வருஷக்கணக்கா உழைச்சார். வேற பல இடத்துல பூமிக்கு சில ஆயிரம் வருஷம்னு பேசிக்கிட்டிருந்தப்ப கோடிக்கணக்குல காலத்தை நினைச்சுப் பாத்த நம்ம மரபோட கற்பனை எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமைக்கு ரேடியோ ஆக்டிவ் சர்டிபிகேட் வாங்கிக் குடுக்க வேண்டியதில்ல.

கேள்வி: கார்பன் டேட்டிங்லாம் ஏமாத்து வேலை, கோடி வருஷத்தை எப்படி அளக்க முடியும்?
வாசகர், சிவகங்கை

பதில்: கார்பன் 14 பாதியாக் குறைய 5,730 வருஷம், அதனால சுமார் 50,000 வருஷத்துக்கு மேல அது உதவாது, பூமி வயசை அதை வச்சு யாரும் அளக்கறதே இல்ல. அதுக்கு யுரேனியம் ஈயமா மாறறதைப் பாப்பாங்க, யுரேனியம் 238 பாதியாக 447 கோடி வருஷம். சிர்கான்னு ஒரு மணிக்கல், அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ள சேத்துக்கும், ஈயத்தை சேத்துக்காது. அதனால பின்னாடி உள்ள இருக்கற ஈயம் பூரா யுரேனியம் மாறி வந்ததுதான். ஆஸ்திரேலியாவுல ஜாக் ஹில்ஸ்ல கிடைச்ச ஒரு சிர்கான் துணுக்கு 440 கோடி வருஷம் பழசு.

உங்க ஊர் சிவகங்கைங்கறதால ஒண்ணு கேக்கறேன். நம்ம மாவட்டத்து கீழடியில 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த கரி கி.மு. 580னு அமெரிக்க லேப்ல இருந்து முடிவு வந்தப்ப பட்டாசு வெடிச்சோம்ல, அது கார்பன் டேட்டிங்தானே. அதே அணுச் சிதைவு விதிதான் பாறைக்கும். நமக்குப் பிடிச்ச தேதி வரும்போது அது அறிவியல், பிடிக்காத தேதி வரும்போது ஏமாத்துன்னு சொல்றது நேர்மை இல்ல.

கேள்வி: மாணிக்கவாசகர் "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி"ன்னு பாடினது பரிணாமம்தானே டீச்சர்? எங்க திருவாசக முற்றோதல் குழுவுல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்.
வாசகி, அறந்தாங்கி

பதில்: அடுத்த வரியையும் சேத்து ஓதிப் பாருங்கம்மா. "பல்விருகமாகிப் பறவையாய்ப் பாம்பாகிக் கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்"னு போகுது. புழுவுக்கு அப்புறம் மரம், பறவைக்கு அப்புறம் பாம்பு, பாம்புக்கு அப்புறம் கல்லு, மனுசனுக்கு அப்புறம் பேய். இது பரிணாம வரிசை இல்ல, அவர் அதைச் சொல்லவும் வரல. முடிக்கற இடம் "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்". களைச்சுப் போயிட்டேன், இனி பிறக்க முடியலன்னு ஒரு உசுரு அழுவது அது. நீங்க அதை டார்வினுக்கு சாட்சிக் கையெழுத்துப் போட வச்சீங்கன்னா அந்த அழுகை காணாமப் போயிரும், டார்வினுக்கும் அதனால ஒண்ணும் கூடப் போறதில்ல. உங்க பக்கத்துலயே ஆவுடையார்கோயில் இருக்கு, அவருக்கு குருந்த மரத்தடியில அருள் கிடைச்சதா நம்பற இடம், அங்க உக்காந்து இந்த வரியைப் பாடினா மனசு என்ன ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கு நிரூபணம் எதுக்கு? தசாவதாரத்துல மீன், ஆமை, பன்றின்னு வர்றதைப் பத்தி கேட்டவங்களுக்கும் இதேதான் பதில், பன்றி, சிங்கம், குள்ளம்னு போற அந்த வரிசையில ஒண்ணுல இருந்து இன்னொண்ணு பிறக்கல, ஒரே பெருமாள் ஒவ்வொரு காரியத்துக்காக ஒவ்வொரு உருவம் எடுக்கறார்.

கேள்வி: நான் கிறிஸ்தவன். பைபிள்படி பூமிக்கு ஆறாயிரம் வருஷம்னு எங்க ஜெபக்கூட்டத்துல சொல்றாங்க. நம்பாட்டி விசுவாசம் இல்லன்னு அர்த்தமா?
வாசகர், தேவகோட்டை

பதில்: இல்ல தம்பி. அந்த எண் பைபிள்ல நேரா எழுதியிருக்கற எண் இல்ல, 1650ல ஜேம்ஸ் அஷர்ங்கற பேராயர் வம்சாவளியைக் கூட்டிக் கழிச்சு கி.மு. 4004னு போட்ட கணக்கு. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்துப் போட்டவர் யாரு தெரியுமா, ஜார்ஜ் லெமெய்த்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951ல போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கை படைப்பை உறுதி செய்யற மாதிரி பேசினப்ப லெமெய்த்ருக்கு அது பிடிக்கல, என் கொள்கை மதத்துக்கு ஆதரவும் இல்ல எதிர்ப்பும் இல்லங்கறதுதான் அவர் நிலை. பூசை வைக்கற பாதிரியாரே தன் சமன்பாட்டுல கடவுளை நுழைக்க விடல. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. சயின்ஸுக்குத் தெரியாத இடத்துல எல்லாம் சாமியைக் கொண்டு போய் உக்கார வச்சா, அந்த இடம் நாளைக்கு தெரிஞ்சு போகும்போது சாமியை எந்திரிக்கச் சொல்ல வேண்டி வரும். பக்தி உள்ளவங்கதான் இதுக்கு முதல்ல பயப்படணும்.

கேள்வி: கடவுள் இல்லைன்னு சயின்ஸ் நிரூபிச்சிருச்சுன்னு தைரியமா எழுதுங்க டீச்சர், ஏன் ரெண்டு பக்கமும் பேசறீங்க?
பகுத்தறிவு இயக்கத் தோழர், காரைக்குடி

பதில்: நிரூபிக்கல தோழர், அதனால எழுத மாட்டேன். பூமி வயசு, உயிரோட வரிசை, நோய் எதனால வருது, மழை எதனால பெய்யுது, இதுல எல்லாம் மதம் ஏதாவது சொன்னா அதை ஆதாரத்தால அடிச்சுப் பாக்கலாம், தப்புன்னா தப்புன்னு சொல்லியாகணும், அதுல நான் உங்க கூடத்தான் நிக்கறேன். தாயத்து கட்டி சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்றவனை விடவே கூடாது. ஆனா இந்த உலகத்துக்கு அடியில ஏதாவது ஒண்ணு இருக்காங்கற கேள்வியை அளக்க எந்த மீட்டரும் கிடையாது, இல்லாத மீட்டர்ல ரீடிங் காட்டறது அறிவியலுக்கு நாம பண்ற துரோகம். கண்ணதாசன் நாத்திகரா இருந்து ஆத்திகரானாரே அதுவே சாட்சின்னு இன்னொரு வாசகர் சிறுகூடற்பட்டி பக்கத்துல இருந்து எழுதியிருக்கார், அவருக்கும் சேத்தே சொல்றேன், ஒரு கவிஞர் மனசு மாறினது அவர் வாழ்க்கைக்கு சாட்சி, 400 கோடி வருஷத்துக்கு முந்தி நடந்ததுக்கு இல்ல.

நம்ம மண்ணுல இதுக்கு வழி காட்டினவர் இருக்கார். குன்றக்குடி அடிகளார் மடாதிபதி, பெரியார் கடவுள் மறுப்பாளர், ரெண்டு பேரும் மேடையில கருத்தால மோதினாங்க, ஆனா மடத்துக்குப் போனப்ப அடிகளார் குடுத்த திருநீற்றைப் பெரியார் மறுக்கலன்னு நம்ம பக்கம் இன்னைக்கும் சொல்லுவாங்க. அதே அடிகளார்தான் சிக்ரி விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு குன்றக்குடி கிராமத்துக்குத் திட்டம் போட்டு ஊருக்குத் தொழில் கொண்டு வந்தார். ஆதீன கர்த்தருக்கு விஞ்ஞானியோட உக்காந்து பேச எந்தத் தயக்கமும் இருக்கல.

கேள்வி: என் மக சிபிஎஸ்இ பத்தாவது. பரிணாமப் பாடமே புத்தகத்துல இல்லங்கறா. தேவையில்லாத பாடமா அது?
வாசகி, கோட்டையூர்

பதில்: இதுல எனக்கு நிஜமாவே கோவம் இருக்கு. 2023ல, சிபிஎஸ்இ பள்ளிக்கூடங்களுக்குப் பாடப்புத்தகம் போடற என்சிஇஆர்டி, பத்தாவது புத்தகத்துல "மரபும் பரிணாமமும்"னு இருந்த பாடத்துல பரிணாமத்தை எடுத்துட்டு மரபை மட்டும் வச்சாங்க, பாடச்சுமை குறைக்கறோம்னு காரணம் சொன்னாங்க. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் 1,800 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டு எதிர்ப்பு தெரிவிச்சாங்க. பன்னிரண்டாவதுல பயாலஜி எடுக்கறவங்களுக்கு அது இருக்கு, சரி, ஆனா காமர்ஸ் எடுக்கறவ, டிப்ளமா போறவ, அவங்க வாழ்க்கை பூரா இதைக் கேள்விப்படாமலே போயிருவாங்களே. ஆன்டிபயாடிக்கை பாதியில நிறுத்தக்கூடாது, கண்டதுக்கும் அதை வாங்கி முழுங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்றது எதுக்குன்னு புரியணும்னாலே பரிணாமம் தெரியணும், மருந்துக்குத் தப்பிச்ச கிருமி பெருகறதுதான் அது. அரசியலமைப்புல 51ஏ பிரிவுல அறிவியல் மனப்பான்மையை வளக்கறது குடிமகனோட கடமைன்னு எழுதி வச்சுட்டு பாடத்தை எடுக்கறது என்ன நியாயம்? நம்ம மாநிலப் பாடத்திட்டத்துல பத்தாவது அறிவியல்ல "உயிரின் தோற்றமும் பரிணாமமும்"னு தனிப் பாடமே இருக்கு, அந்தப் புத்தகத்தை வாங்கி உங்க மகளுக்குக் குடுங்க, தமிழ்லயும் இருக்கு இங்கிலீஷ்லயும் இருக்கு.

கேள்வி: பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் கண்ணால காட்ட நம்ம பக்கம் ஏதாவது இடம் இருக்கா?
ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்: இருக்கு, அதுவும் ஒரே நாள்ல போய்ட்டு வந்துரலாம். பெரம்பலூர் மாவட்டத்துல சாத்தனூர்ல கல்மரப் பூங்கா, டைனோசர் இருந்த கிரெட்டேசியஸ் காலத்துல கடலோரம் புதைஞ்ச ஒரு மரம் அப்படியே கல்லாகி 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கு, 1940ல புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்சது. கிட்டப் போய்ப் பாத்தா மரம் மாதிரியே இருக்கும், தொட்டா கல்லு. அங்க இருந்து அரியலூர் பக்கம் வாரணவாசியில அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு, அம்மோனைட்னு சுருண்ட சங்கு மாதிரி கடல் உயிரோட படிவம் எல்லாம் வச்சிருக்காங்க, சிமென்ட் ஆலைக்கு சுண்ணாம்புக்கல் தோண்டற அந்த பூமி பூரா ஒரு காலத்துல கடல். பிள்ளைங்களை வேன்ல கூட்டிட்டுப் போறதா இருந்தா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி சாத்தனூரை முடிச்சிருங்க, அங்க நிழல் கம்மி. லீவு நாள் எதுன்னு அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே விசாரிச்சுக்கங்க, அங்க இருக்கற படிவத்தை எடுத்து பையில போடக்கூடாதுன்னு பஸ் ஏறும்போதே சொல்லி வச்சிருங்க.